தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

போன மாதம், நாட்டார் வழக்காற்றியல் வகுப்பு முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது ஷாலினி தொலைபேசியில் அழைத்தாள். ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் உறக்கப் பரிசோதனை நிலையத்தில் ஆறு ஆண்டுகள் நான் அமர்ந்திருந்த நாற்காலியில் இப்போது அமர்ந்திருப்பவள் அவள்.

“அக்கா, பிஸியா? ஒரு சின்ன சந்தேகம்லா.”

“சொல்லு.”

“புது சிஸ்டம் வருது. இனிமே பேஷண்ட் வீட்டுக்கே மெஷின அனுப்பிடுவாங்க. கேள்வியெல்லாம் அவங்களே போன்ல டிக் பண்ணிக்கணும். பழைய ஃபைல் எல்லாம் மாத்திட்டோம், ரெண்டே ரெண்டு மட்டும் செவப்பாவே நிக்குது. ரெண்டுலயும் முதல் கேள்வி காலி. சிஸ்டம் போட வந்தவரு சொல்றாரு, அந்தக் கேள்வியையே தூக்கிட்டா ரெண்டும் மூடிடுமாம். தூக்கிடவாக்கா?”

“இப்போதைக்குத் தூக்காத. எழுதி அனுப்புறேன்.”

“ஒரு கேள்விக்குக் கட்டுரையா?” என்று சிரித்தாள்.

கேட்டது அவள் என்றாலும் எழுதுவது அவளுக்கு மட்டும் அல்ல. அன்றைய வகுப்பில் மோகினியைப் பற்றிப் பேசினோம். தனியாகப் படுத்திருக்கும் ஆண்களை மயக்க வரும் பெண், தனியாகப் படுத்திருக்கும் பெண்களைத் தேடி வரும் அழகன் ஆகியோரின் கதைகள் எல்லாச் சமூகங்களிலும் ஏன் இருக்கின்றன என்று விரிவுரையாளர் கேட்டார். என் அருகில் இருந்த மாணவர் உடனே கைதூக்கி, “அது உறக்க முடக்கம்தான்” என்றார். விடை சரி என்று எல்லோரும் தலையசைத்தார்கள். நான் மட்டும் குறிப்பேட்டை மூடிவைத்தேன். அந்த விடையை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பதும், ஒருமுறை அதை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டு மாதங்கள். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி எலும்புவரை நாடாவால் அளப்பது, மெழுகுப் பென்சிலால் தலையில் சிவப்புப் புள்ளிகள் இடுவது, புள்ளி இட்ட இடத்தைத் தேய்த்துப் பசை வைத்து வயரை ஒட்டுவது, கண்களின் ஓரத்தில் ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே, தாடையில் மூன்று. எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் பிறை, மாக் மண்டின் ஆகிய பகுதிகளின் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குப் பகல் பரிசோதனை. இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை படுக்கச் சொல்வோம். அடுத்த அறையில் நான் திரையைப் பார்த்தபடி இருப்பேன். கனவு வரும் உறக்கத்தில் உடல் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளும். அப்போது கண்களின் கோடுகள் துள்ளும். தாடையின் கோடு நூல் பிடித்ததுபோலத் தட்டையாகும். சிலருக்கு மூளை விழித்த பின்னும் அந்தக் கட்டு ஓரிரு நிமிடம் அவிழாது. பேய்கள் நுழையும் இடைவெளி அதுதான் என்று கற்றுக்கொண்டேன்.

நிலையத்தின் மருத்துவர் நூர்ஜஹானுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் எதையும் கற்றுக்கொடுப்பவர் அல்லர், சரிபார்ப்பவர். நான் வயர்களை ஒட்டி முடித்ததும் பின்னால் வந்து நிற்பார். ஒவ்வொரு வயரையும் இரண்டு விரல்களால் மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஒன்று கழன்று வந்தால் திட்டமாட்டார். அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுவார். அந்த வயரின் எடை ஒரு கிராம்கூட இராது. ஆயினும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது கடினமாக இருந்தது.

நேர்காணல் படிவமும் அவர் தயாரித்ததே. இருபத்திரண்டு கேள்விகள். முதல் கேள்வி: ‘நீங்கள் உறங்கும் அறைக் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது?’ இரண்டாவது: ‘நீங்கள் உறங்கும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்?’ இவற்றில் மறைபொருள் எதுவும் இல்லை. பகலில் தூங்குபவரை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. சாவி தேடவும் துணி எடுக்கவும் கதவைத் திறந்துகொண்டே இருப்பார்கள். உறக்கம் எத்தனை முறை கலைகிறது என்று அறியவே அந்தக் கேள்விகள். “அறையை முதல்ல கேளு, அப்புறம் தூக்கம், பேய் கடைசி” என்பது டாக்டரின் ஒரே விதி. ஆனால் முதல் கேள்வியைக் கேட்டதும் நோயாளிகள் சிரிப்பார்கள். “மிஸ், நான் தூங்க வந்தேனா, கதவு வாங்க வந்தேனா?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வருபவர் அமர்ந்ததுமே பேயைப் பற்றித் தொடங்கிவிட்டால், அங்கிருந்தே நேர்காணலைத் தொடர்வேன். வார இறுதியில் படிவங்களைக் கணினியில் ஏற்றும்போது, முதல் வரி காலியாக இருந்தால் கோப்பு மூடாது. அப்போது ‘உள்பக்கம்’ என்று எழுதிவிடுவேன். எல்லோர் வீட்டிலும் தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கும்.

என்னை நம்பிக்கை மிக்கவளாக்கியவர் மாரியப்பன் அண்ணன். நிபோங் திபாலில் இருந்து வருபவர், ஒரு கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவர். மனைவி செல்வியக்கா அவரை ஏறத்தாழக் கைது செய்துதான் அழைத்து வந்திருந்தார்.

“மிஸ், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒருத்தி வர்றாளாம். வெள்ளச் சேலையாம். மல்லிப்பூ வாசனையாம். வந்து நெஞ்சு மேல உக்காந்துக்குவாளாம். இவரு கைகால ஆட்ட முடியாதாம்.”

“ஆமா மிஸ், சத்தியமா முடியல.”

“அவ வந்தா முடியல. நான் பசாருக்குப் போய்ட்டு வாங்கன்னாலும் முடியல. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே கேளுங்க மிஸ்.”

கோயிலில் கயிறு கட்டியாயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சொன்ன போமோ என்ற மந்திரவாதியிடம் போய் எலுமிச்சைத் தண்ணீரில் குளித்தாயிற்று. பரிசோதனையின் இரண்டாம் உறக்கத்திலேயே அவருடைய தாடைக் கோடு தட்டையானது, மூளை விழித்திருந்தது, கட்டு அவிழ ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆனது. எழுந்து, “இங்கயும் வந்துட்டா மிஸ்!” என்று அலறினார். நான் திரையை அவர்கள் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் விளக்கினேன். கனவின் கட்டு அவிழவில்லை. மார்புத் தசை தளர்ந்திருப்பதால் மூச்சு கனக்கிறது. கனத்தை மூளை ஓர் ஆளாக்குகிறது. கனவு உறக்கத்தில் உடல் தானாகக் கிளர்வதால் அந்த ஆளைப் பெண்ணாக்குகிறது. மீதியைக் கேட்ட கதைகள் நிரப்புகின்றன. மலாய்க்காரர்கள் பேய் மேலே அழுத்திப் படுக்கிறது என்பார்கள்; சீனர்கள் பேய் கட்டிலை அழுத்துகிறது என்பார்கள்; எங்கள் தேவாலயத்தில் மறைக்கல்வி வகுப்பெடுத்த பெரியவர், அழகிய உருவத்தில் வரும் சாத்தான் என்பார். உடல் நிலை ஒன்று, முகங்கள் பல.

செல்வியக்கா திரையை நெடுநேரம் பார்த்தார். “அப்ப அவ இல்லவே இல்லையா?”

“இல்லக்கா.”

“இவ்வளவு நாளு இல்லாதவளோடயா சண்ட போட்டேன்?”

மாரியப்பன் அண்ணன் முகத்தில் நிம்மதியோடு ஒரு சிறு ஏமாற்றமும் இருந்தது. அதையும் கவனித்து மகிழ்ந்தேன். இரண்டே நிமிடத்தில் ஒரு பேயை இல்லாமல் ஆக்க முடியும் என்ற பெருமிதம் அன்று என்னைத் தொற்றிக்கொண்டது. அது இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

யோகேஸ்வரி வந்தது ஒரு பிப்ரவரி மாதத்தில். இருபத்து நான்கு வயது. நெகிழிப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. எந்திரத்தின் முன் நின்றபடியே உறங்கிவிட்டதால் தொழிற்சாலை மருத்துவர் எங்களிடம் அனுப்பியிருந்தார். பட்டர்வொர்த்தில் சின்னம்மாவின் வீட்டில் தங்கியிருந்தாள். நேர்காணலுக்கு அந்தச் சின்னம்மாவும் உடன் வந்து, நான் பேனாவைத் திறப்பதற்குள் பேசத் தொடங்கினார்.

“மிஸ், இவளுக்கு ஒரு ஆம்பளக் காத்து புடிச்சிருக்கு. தூங்கறப்ப வந்து பக்கத்துல நிக்கிறானாம், தொடுறானாம். எண்ணெய் வாடை அடிக்குதாம். மலாய்க்காரங்க சொல்வாங்களே, ஒராங் மிஞாக், எண்ணெய் மனுஷன், அவன்தான். பொம்பளப் புள்ளைங்கள மயக்குறவன்.”

“எப்பலருந்து?”

“தீபாவளிக்கு அப்புறந்தான் மிஸ்.” பிறகு, குரலைத் தாழ்த்தாமலேயே: “வயசுப் பொண்ணு. மனசுல ஆசை இருந்தாத்தான் அது வரும்னு கோயில்ல சொன்னாங்க.”

யோகேஸ்வரி தன் வேலை அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டபோது சின்னம்மாவே பதில் சொன்னார்: “யாரும் இல்ல. நான் காண்டீன் வேலைக்குப் போயிடுவேன், வீட்டுக்காரரு பட்டறைக்குப் போயிடுவாரு. அமைதியான வீடு.” அப்படியே எழுதினேன். முதல் கேள்வியைக் கேட்கவில்லை. பேய் ஏற்கனவே மேசைமேல் இருந்தது. தாழ்ப்பாளைக் கேட்டால் சின்னம்மா சிரிப்பார் என்று நினைத்தேன்.

மூன்றாம் உறக்கத்தில் அவளுடைய தாடைக் கோடு தட்டையானது. கண் ஓரத்து வயர் ஒன்றில் இரைச்சல் வந்ததால் அதைச் சரிசெய்ய உள்ளே போனேன். அவள் கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தன. உடலில் அசைவே இல்லை. கட்டு அவிழ்ந்ததும் நீளமாக மூச்சு விட்டாள்.

“இப்ப வந்துச்சா?”

“வந்துச்சு மிஸ். நீங்க வந்தது தெரிஞ்சது. கூப்புடப் பாத்தேன், வாய் வரல.”

“வீட்ல வர்றதும் இதேதானே?”

அவள் கூரையைப் பார்த்தாள். “இது அங்கயும் வரும். ஆனா அங்க எண்ணெய் வாடை அடிக்கும் மிஸ். இங்க அடிக்கல.”

நான் தலையசைத்து, ‘மணம் சார்ந்த மாயத்தோற்றம், எண்ணெய்’ என்று எழுதினேன். தொழிற்சாலை எந்திரங்களின் வாடையை மூளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது என்று அவளுக்கு விளக்கவும் செய்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் அறிக்கை தயாரானது. அதில் நான் எழுதி, டாக்டர் கையெழுத்திட்ட வாக்கியம் இது: ‘வீட்டில் ஒருவர் வந்து தொடுவதாக இவர் கூறுவது, உறக்க முடக்கத்தோடு வரும் மாயத்தோற்றமே.’ சின்னம்மா வந்து அறிக்கையை வாங்கி, நெகிழி உறையில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். யோகேஸ்வரியின் படிவத்தில் முதல் வரி காலி. ‘உள்பக்கம்’ என்று எழுதியிருப்பேன். ஆனால் மறுசந்திப்பு நாளைச் சொல்வதற்காக அந்த நேரத்தில்தான் அவளை அழைத்திருந்தேன். பேசும்போது பேனா முனை அந்த வரியில் இருந்தது. அதனால் மட்டுமே கேட்டேன்.

“ஒண்ணு விட்டுப்போச்சு யோகேஸ். உன் ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?”

மறுமுனையில் ஏதோ வண்டி கடந்துபோகும் ஓசை கேட்டது.

“உள்பக்கம் இருந்துச்சு மிஸ்.”

“இருந்துச்சுன்னா? இப்ப?”

“சித்தப்பா கழட்டிட்டாரு. துருப் புடிச்சிருச்சு, புதுசு மாட்டுறேன்னாரு. மாட்டல.”

“எப்பக் கழட்டினாரு?”

“தீபாவளிக்கு ரெண்டு நாளு முன்ன.”

படிவத்தில் நீல மையில் ‘தீபாவளிக்குப் பிறகு’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு இரண்டு வரி மேலே ‘பகலில் யாரும் இல்லை’.

“சித்தப்பா பகல்ல வீட்டுக்கு வருவாரா?”

“சாப்புட வருவாரு.” பிறகு மெதுவாக, “கடைசல் பட்டறைல்ல மிஸ். அந்த எண்ணெய் கழுவினாலும் போகாது” என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

படிவத்தை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன். என் விளக்கத்தை அவர் முழுவதும் கேட்கவில்லை. நின்றபடியே படிவத்தைப் படித்தார். நான் எதிர்பார்த்த கேள்வி எதையும் கேட்காமல், “ரிப்போர்ட் யாரு கையில இருக்கு?” என்றார்.

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. அறிக்கை சின்னம்மாவின் கையில் இருந்தது. அந்தப் பெண் இனி எங்கே போய் எதைச் சொன்னாலும், அது மாயத்தோற்றம் என்று மருத்துவர் கையெழுத்திட்ட காகிதம் அந்த வீட்டில் இருந்தது. அவளுடைய வாயை நான்தான் அடைத்திருந்தேன். அதுவும் மிகச் சரியான கலைச்சொற்களால்.

“திருப்பி வாங்கிடலாமா டாக்டர்?”

“குடுத்தத வாங்க முடியாது. இன்னொண்ணு எழுதலாம். முதல்ல அந்தப் புள்ள கிட்ட தனியாப் பேசணும்.” கோப்பில் இருந்த அவளுடைய வேலை அட்டவணையைப் பார்த்தார். “இன்னைக்கு நைட் ஷிஃப்ட். காலை வரைக்கும் ஃபேக்டரியில இருப்பா. வீட்டுக்குப் போறதுக்கு முன்ன இங்க வரணும்.”

சின்னம்மாவை அவரே அழைத்தார். “டெஸ்ட்ல ஒரு வயர் சரியா ஒட்டல. எங்க மேலதான் தப்பு. நாளைக்குக் காலையில மறுபடியும் செய்யணும், வேலை முடிஞ்சு நேரா அனுப்பிடுங்க. காசு வேணாம்.” ஒட்டாத வயரை ஒருநாளும் மன்னிக்காதவர், ஒட்டியிருந்த வயரை ஒட்டவில்லை என்று சொன்னார். சின்னம்மா, “அப்ப நானும் வர்றேன்” என்றது எனக்கும் கேட்டது.

அன்று மாலை பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெரியில், வழக்கமாக அமரும் இருக்கையில் என்னால் அமர முடியவில்லை. என் வீடும் அந்தக் கரையில்தான். தொழிற்சாலை வேன் அவளை ஏற்றிக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் ஒரு குடும்பத்தின்மேல் பழி போடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், பிற்பகல் மூன்று மணிக்கு நான் தொலைபேசியில் கேட்டதை யாராவது பக்கத்தில் இருந்து கேட்டிருக்கக்கூடும். எது மோசமானது என்று தெரியாமல், கரை வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு இருவரும் வந்தார்கள். சின்னம்மா பரிசோதனை அறைக்குள்ளும் வர முயன்றார். “வயர் ஒட்டுற ரூம்ல பேஷண்ட் மட்டுந்தான்க்கா. ரூல்ஸ்” என்றேன். அது உண்மையான விதி. அதற்கு முன் அதை இவ்வளவு உறுதியாக நான் சொன்னதில்லை.

உள்ளே எந்திரம் அணைந்திருந்தது. ஆயினும் டாக்டர் நாடாவை எடுத்து அவளுடைய தலையை அளந்தார். புள்ளி இட்டார், தேய்த்தார், ஒவ்வொரு வயராக ஒட்டினார். ஆறு ஆண்டுகளில் அவர் தாமே வயர் ஒட்டியதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். பாதி ஒட்டியிருந்தபோது, பின்னால் நின்றபடியே கேட்டார்.

“எண்ணெய் வாடை வர்றப்ப உன்னால அசைய முடியுமா, முடியாதா?”

யோகேஸ்வரி அடுத்த வயர் ஒட்டப்படும்வரை பொறுத்திருந்தாள்.

“அமுக்குறது வர்றப்ப அசையணும்னு பாப்பேன், முடியாது. அது வேற டாக்டர். அவரு வந்து நிக்கிறப்ப முடியும். ஆனா அசைய மாட்டேன். தூங்குற மாதிரியே கெடப்பேன்.”

“ஏம்மா?”

“நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சிட்டா, அப்புறம் அத பேய்னு சொல்ல முடியாதுல்ல. அப்புறம் நான் எங்க போறது?”

அவள் அழவில்லை. என் பக்கம் மட்டும் திரும்பி, “சின்னம்மா ரிப்போர்ட்டப் படிச்சுக் காட்டுனாங்க மிஸ். எல்லாம் பிரமைன்னு. ரெண்டு நாளா எனக்கே சந்தேகமா இருக்கு” என்றாள்.

அவளுக்கு இரண்டும் இருந்தன. உடல் கட்டுண்ட உறக்கமும் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த மனிதனும் இருந்தான். ஒன்றைத் திரையில் கண்டதும் மற்றொன்று இருக்க முடியாது என்று முடிவு செய்தது நான்தான். மயக்க வரும் பேயின் கதைக்கு இன்னொரு பயன் இருப்பதையும் அந்த அறையில்தான் புரிந்துகொண்டேன். பேய் மயக்குவது என்றால் மயங்கியவளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆசை இருந்தால்தான் அது வரும். அப்படிச் சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் யாரையும் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. எண்ணெய் மனிதன் என்ற பெயரைச் சின்னம்மா தாமே கொண்டுவந்தார். தெரிந்து கொண்டுவந்தாரா, தெரியக்கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தாரா என்பதை என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இதற்கென்று தனி அறை இருக்கிறது, போலீசுக்குச் சொல்வதும் அங்கேயே நடக்கும், போவதும் போகாததும் அவள் முடிவு என்று டாக்டர் சொன்னார். அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, “இதெல்லாம் கழட்டுங்க. போலாம்” என்றாள். நான் வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு வயரையும் கழற்றினேன்.

காத்திருப்பு அறையில் சின்னம்மா எழுந்து நின்றார். டாக்டர் செய்தியை இரண்டு வாக்கியங்களில் சொன்னார். சின்னம்மாவின் கை நேராகப் பைக்குள் போய், அந்த நெகிழி உறையை எடுத்தது.

“நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, பிரமைன்னு? இந்தா இருக்கு பாருங்க, கையெழுத்து! இப்ப என்ன புதுசா கதை சொல்றீங்க?” பிறகு யோகேஸ்வரியிடம், “அந்த மனுஷன் உனக்கு அப்பன் மாதிரிடி!” என்றார்.

“நாங்க எழுதினது தப்பு” என்றார் டாக்டர். இரவே தட்டச்சு செய்திருந்த இணைப்பை நீட்டினார். அதில் இருந்தது இதுதான்: ‘எங்கள் அறையில் நடந்த உறக்கத்தைப் பற்றி மட்டுமே இப்பரிசோதனை கூற முடியும். இவருடைய வீட்டில் நடந்தது பற்றி முந்தைய அறிக்கை கூறியது ஆதாரமற்றது. அதைத் திரும்பப் பெறுகிறோம். வீட்டுச் சூழல் குறித்த முதல் கேள்வி கேட்கப்படவில்லை.’ சின்னம்மா அதைத் தொடவில்லை. டாக்டர் அதை நாற்காலியின்மேல் வைத்தார். என் உள்ளங்கையில் வயரை வைக்கும் அதே நிதானம்.

டாக்டரும் யோகேஸ்வரியும் மருத்துவமனைக்குக் காரில் போன பிறகு பழைய படிவங்களை எல்லாம் எடுத்தேன். நேர்காணலில் நீல மையால் எழுதுவேன். மேசையில் அமர்ந்து நிரப்புவது கறுப்பு மையால். முதல் வரியில் கறுப்பு மை இருந்தவை பதினொன்று. கணினியில் அவற்றின் ‘உள்பக்கம்’ எல்லாவற்றையும் அழித்தேன். யோகேஸ்வரியின் கோப்போடு பன்னிரண்டு வரிகள் சிவந்தன. ஒவ்வொருவராக அழைத்தேன்.

மாரியப்பன் அண்ணன் எடுத்தார். “தாழ்ப்பாளா? மிஸ், எங்க ரூமுக்குக் கதவே கெடையாது, துணிதான் தொங்குது. ஏன் மிஸ், அவ திரும்பி வந்துட்டாளா?” பின்னணியில் செல்வியக்கா, “யாரு அது போன்ல?” என்று அதட்டுவது கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். இருவரின் எண்கள் பலமுறை ஒலித்து அடங்கின. இருவரும் பெண்கள், இருவரின் படிவத்திலும் ‘ஓர் ஆண் வந்து நிற்பதாகக் கூறுகிறார்’ என்று எழுதியிருந்தேன். வேலையில் இருந்தவரை மாதம் ஒருமுறை அந்த எண்களை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பாவின் மேலான வழக்கு விசாரணையில் என்னையும் அழைத்தார்கள். எதிர்த்தரப்பு எங்கள் முதல் அறிக்கையைத்தான் முன்வைத்தது. எதைக் கேட்டேன், எதைக் கேட்கவில்லை, எந்த வரியை எந்த மையில் எழுதினேன் என்று சொன்னேன். நான் வேலையை விட்டபோதும் வழக்கு முடிந்திருக்கவில்லை. விட்டதற்குக் காரணம் அது மட்டும் அல்ல. எதையும் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய என் திறமையைக் கண்டு எனக்கே அச்சம் ஏற்பட்டிருந்தது. யாராவது ஒரு கதையைச் சொல்லும்போது, அவர் முடிக்கும்வரை பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

விடுவதற்கு முந்தைய வாரம் யோகேஸ்வரியிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் தன்னோடு வேலை செய்யும் தோழியுடன் மாக் மண்டின் அருகே அறை எடுத்திருந்தாள். படத்தில் முகம் இல்லை. ஒரு மரக்கதவு, புதிய பித்தளைத் தாழ்ப்பாள், திருகாணிகளைச் சுற்றி இன்னும் துடைக்கப்படாத மரத்தூள். கீழே, ‘உள்பக்கம் மிஸ். நானே மாட்டுனேன்’ என்று எழுதியிருந்தாள். அவளுடைய கோப்பைத் திறந்து முதல் வரியை நிரப்பினேன். சிவப்பு மூன்றிலிருந்து இரண்டானது.

இதுவரை எழுதியதை நேற்று இரவு ஷாலினிக்கு அனுப்பினேன். இன்று காலை நிலையத்திலிருந்து அழைத்தாள். குரலில் சிரிப்பு இல்லை.

“அக்கா, கேள்விய எடுக்கல. அந்த ஆளுகிட்ட சொல்லிட்டேன், அது இருக்கட்டும்னு.”

“நல்லது.”

“டாக்டர் அந்த ரெண்டு நம்பரையும் திருப்பி அடிச்சுப் பாக்கச் சொன்னாங்க. முதல் நம்பர் இப்ப வேற யாரோடயோ. ரெண்டாவத இப்பத்தான் ஆபீஸ் போன்ல அடிக்கிறேன், நீங்க லைன்லயே இருங்க.”

அவளுடைய மேசையில் படிவம் புரளும் ஓசை கேட்டது. தொலைவில், இன்னொரு தொலைபேசியின் மணி ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை ஒலித்தது. பிறகு நின்றது.

“ஹலோ?” என்றது ஒரு பெண் குரல்.

ஷாலினி மூச்சை இழுத்துக்கொண்டாள். முதலில் அறையைக் கேட்டாள்.